அடுப்பில் கொதித்த வெள்ளை மூட்டை

போன வாரம் ஹெதரை ஸ்டோர் ரூமில் மாவு டின் மேல் உட்காரவைத்து, அழவிட்டுவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் முழுக்க ஒருத்தி அழுதுகொண்டேயா இருப்பாள்? திங்கட்கிழமையே எழுந்து முகம் கழுவிவிட்டாள். மனசு மட்டும் இன்னும் அந்த டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

காரணம் மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெதர் ஆக்டனின் ஒரே மகள் கிர்ஸ்டிக்கும், பிரான்ஸில் பர்கண்டிப் பக்கத்து வெள்ளை மாட்டுப் பண்ணைக்காரி சொலாஞ்சின் மகன் பாஸ்தியனுக்கும் வருகிற சனிக்கிழமை கல்யாணம். பந்தி முழுக்கப் பையனின் தாய்மாமன் ஃபெர்னான் பொறுப்பு. டவுனில் அவர் ஓட்டலில் சாப்பிட லியோனிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு ஆள் வரும். அப்பேர்ப்பட்டவரிடம், "என் பொண்ணுக்காக ஒரே ஒரு இங்கிலீஷ் இனிப்பு பந்தியில வைக்கலாமா?" என்று ஹெதர் கேட்டுவிட்டாள். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி மதாம், ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டாரும் என் தங்கச்சி வீட்டுல சாப்பிடறோமே, அன்னிக்குச் செஞ்சு காட்டுங்க. எங்க பக்கத்து ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், ரெண்டாந் தடவை தட்டை நீட்டட்டும். மெனு அட்டையில என் கையாலேயே எழுதறேன். நீட்டலைன்னா அந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

அதைக்கூட ஹெதர் பொறுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது.

"தயவுசெஞ்சு வேண்டாம்மா. அவங்க ஏற்கெனவே சிரிக்கிறது போதாதா? என் கல்யாணத்துலயும் சிரிக்கணுமா?"

அன்று ராத்திரிதான் ஹெதர் புருஷன் கீத்திடம், "எனக்கு ஊருக்குப் போகணும், என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்று அழுதது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

*

இங்கிலாந்தில் போல்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் கரண்டி பிடித்தவள் ஹெதர். கீத் எலக்ட்ரீஷியன். ஓய்வு பெற்றதும் வெயிலும் ஒயினும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அவளைப் பிரான்ஸுக்கு இழுத்து வந்தார். முதல் வருஷம் இந்த ஊர் வெண்ணெயும் ரொட்டியும் சொர்க்கமாக இருந்தன. ரெண்டாம் வருஷம் நாக்கு கேள்வி கேட்க ஆரம்பித்தது. எங்கே என் கிரேவி? எங்கே வினிகர் சொட்டச் சொட்ட உருளைக்கிழங்கு வறுவல்? எங்கே நடு எலும்பு வரைக்கும் சூடு இறங்குகிற அந்த மழைக்கால இனிப்பு?

சூப்பர்மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சாமான் அலமாரி ஒன்று உண்டு. மெக்ஸிகோவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் அவள் தேசத்துக்கு. வாரா வாரம் அங்கே போய் நிற்பாள். ஒரு பாட்டிலை எடுப்பாள், எழுதியிருப்பதை முழுக்கப் படிப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். சமாதியில் பூ வைக்கிற மாதிரி இருக்கும் அது.

ஊர்க்காரர்கள் வாய் வேறு. "நீங்க ஏன் இங்க குடிவந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா மதாம்? பசிதானே!" என்று ரொட்டிக்கடைக்காரி சொல்லுவாள். இதைவிடக் கொடுமை, கீத்தும் கூடச் சேர்ந்துகொண்டு, "ஆமாமா, எங்க ஊர்ல காய்கறி தப்பு பண்ணினா வேகவைப்பாங்க" என்பார். அடுத்தவன் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவது போல்டன்காரர்களின் பிறவிப் பழக்கம். கிர்ஸ்டிக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. லியோனில் வேலைக்குப் போன நாளிலிருந்து, "எங்கம்மா ஸ்கூல் கேண்டீன்ல சமைச்சவங்க" என்று சொல்லி, எதிராளி சிரிக்க ஒரு விநாடி விடுவாள். பெற்றவளுக்கு அந்த விநாடி எப்படி இருக்கும் என்று யார் யோசித்தார்கள்?

"என்ன ஆனாலும் சரி, செஞ்சுட்டுத்தான் மறுவேலை" என்று ஹெதர் காலையில் பெட்டியைக் கட்டினாள். மாவு, கொழுப்பு, வெள்ளைத்துணி, ஜாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சமிருந்த கடைசி கஸ்டர்ட் பவுடர் டப்பா.

செய்யப்போவது ஜாம் ரோலி-போலி. நம்ம ஊர்ப் போளிக்கும் அதற்கும் பேர் ஒற்றுமைதான், வேறு உறவில்லை. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைத் துருவி மாவில் போட்டுப் பிசைந்து, பரத்தி, ஜாம் தடவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, துணியில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு மணி நேரம் போட வேண்டும். சூடாகத் துணியைப் பிரித்தால்தான் ருசி. அதனால் சம்பந்தி வீட்டு அடுப்பிலேயே செய்தாக வேண்டும்.

பண்ணைக்குப் போய் இறங்கினதும் கீத் போனை எடுத்துக்கொண்டு வாதுமை மரத்தடிக்குப் போனார். ஹெதர் பெட்டியைத் தூக்கச் சொல்லக் கிட்டே போனபோது சட்டென்று பேச்சை முடித்துக்கொண்டார்.

"யாருங்க?"

"கார் இன்ஷூரன்ஸ்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"ரொம்பச் சுறுசுறுப்பான கம்பெனி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு நடையைக் கட்டினார். ஒரு வாரமாகவே இந்த மனுஷர் போனும் கையுமாகத்தான் திரிகிறார். ஹெதருக்கு அதை ஆராய இன்றைக்கு நேரமில்லை.

சமையலறையில் ஒருத்தருமில்லை. சொலாஞ் கோழிகளைப் பார்க்கப் போயிருந்தாள். ஹெதர் கிடுகிடுவென்று வேலையை முடித்தாள். ரெண்டு உருளைகள், பச்சைக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி துணி சுற்றி, ரெண்டு முனையிலும் கயிறு கட்டி, ஒரே மூட்டையாகப் பெரிய பானையில் இறக்கினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

கொட்டகையில் நீள மேஜை போட்டு கிர்ஸ்டி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஹெதரும் போய்க் கை கொடுத்தாள்.

"வச்சிட்டியாம்மா?"

"வச்சிட்டேன்."

"பாஸ்தியனோட சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. பதினெட்டுப் பேர்."

"தெரியும் கண்ணு. பதினெட்டுப் பேருக்குத்தான் செஞ்சிருக்கேன்."

கிர்ஸ்டி முள்கரண்டிகளைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

*

திரும்பி வந்த ஹெதருக்கு வாசற்படியிலேயே மூக்கில் ஏறியது. சோப்பு வாசனை.

அடுப்புக்கு முன்னால் சொலாஞ் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பெரிய மரக்கோலால் பானையைக் குத்திக் கிண்டிக்கொண்டிருந்தாள். பானையின் விளிம்பில் நுரை பொங்கி வழிந்தது. அவள் முகத்தில், ஆறு மாசத்தில் முதல் தடவையாக, ஹெதரைப் பார்த்து ஒரு நிஜமான சிரிப்பு.

"வாங்க மதாம் ஹெதர்! நீங்க இவ்வளவு நல்ல மனுஷின்னு எனக்குத் தெரியாமப் போச்சே. கல்யாணத்துக்கு நூத்தம்பது நாப்கினையும் எப்படி வெளுக்கப்போறேன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். சொல்லாமக் கொள்ளாம நீங்களே எடுத்து வேகவச்சிருக்கீங்க! ஆனா வெறும் தண்ணியில போட்டா அழுக்கு போகுமா? ரெண்டு கை சலவைச்சோடாவும் சோப்புத் துருவலும் நான் போட்டுட்டேன். பாருங்க, பால் மாதிரி வரும்!"

ஹெதர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது நாப்கின் இல்லை" என்றாள்.

"பின்ன?"

"அதுதான்... இனிப்பு."

சொலாஞ் பானையைப் பார்த்தாள். கோலைப் பார்த்தாள். கோலின் முனையில் துணி கிழிந்து சிவப்பு ஜாம் நூல் நூலாக நுரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் சிவந்த முகம் சுண்ணாம்பாகப் போய்விட்டது.

"ஐயோ கடவுளே! துணியைக் கட்டித் தண்ணியில போட்டு... சாப்பாடா? யாராவது சாப்பாட்டைத் துவைப்பாங்களா?"

சத்தம் கேட்டு கிர்ஸ்டியும் பின்னாலேயே கீத்தும் ஓடி வந்தார்கள். நுரையைப் பார்த்ததும் ரெண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கீத் வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் ஒரு ஜோக் நின்றது. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விழுங்கினார்.

ஹெதர் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேஜை மேல் வைத்தாள்.

"விடுங்க மதாம், தெரியாம நடந்தது. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு." மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கும் சங்கடமில்லை கண்ணு. யாரும் சிரிக்கமாட்டாங்க."

குரல் உடையாமல்தான் சொன்னாள். அதுதான் கிர்ஸ்டியை உலுக்கிவிட்டது. அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"லியோன் போன முதல் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்ததே, ஞாபகமிருக்கா? அப்ப எதைக் கேட்டு அழுதேன் தெரியுமா? பாஸ்தியன் விதவிதமா சூப் வாங்கிட்டு வந்தான். எனக்கு வியாழக்கிழமை வேணும்னு அழுதேன்மா. உன் கேண்டீன்ல வியாழக்கிழமை இதானே போடுவ. உன் வரிசையில நிக்கிறதுக்காகப் பசங்க அடிச்சுக்குவாங்களே. நான் உன் பொண்ணுன்னு சொல்லிக் கஸ்டர்ட் மேல இருக்கிற ஆடையை எனக்கே போடச் சொல்லுவேனே. அதையெல்லாம் இங்க ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை. உன்னை வச்சுச் சிரிக்கத்தான் சொன்னேன். நான் மகா மட்டம்மா."

"சீ, அழாதே. மூக்கைச் சிந்து முதல்ல."

"சிந்தறேன். நீ ஏப்ரனைக் கட்டு முதல்ல."

"கொழுப்பு ஏது? கொண்டுவந்தது அத்தனையும் அந்த நுரைக்குள்ள இருக்கு."

இதுவரை திகைத்து நின்ற சொலாஞ்சுக்கு உயிர் வந்தது. "என்ன கொழுப்பு? எங்கேயிருந்து எடுக்கிறது?"

ஹெதர் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். சிறுநீரகத்தைச் சுற்றி இருக்குமே, வெள்ளையாக, உதிருகிற மாதிரி.

"அட, அதுவா! விருந்துக்குன்னு நம்ம மாடு ஒண்ணை இந்த வாரம்தான் வெட்டினோம். அந்தக் கொழுப்பு ஒரு வாளி நிறைய இருக்கு. நாய்க்குன்னு எடுத்து வச்சிருக்கேன்." நிமிர்ந்து நின்றாள். "என் அடுப்புல ஒரு விருந்தாளியோட பண்டம் என் கையால கெட்டதா நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. நானே செய்யறேன். நீங்க சொல்லுங்க, நான் பிசையறேன்."

வாளி வந்தது. ஹெதர் ஒரு துண்டைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தாள். பனி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. போல்டனில் இருபது வருஷம் பாக்கெட்டில் வந்ததைத்தான் கொட்டியிருக்கிறாள். இப்பேர்ப்பட்ட கொழுப்பை அவள் ஜன்மத்தில் தொட்டதில்லை. கண் விரிந்துபோனது. இந்த ஊர் நாய்தான் எவ்வளவு கொடுத்துவைத்தது!

மாவு கிடைத்தது. ஜாமுக்குச் சொலாஞ் தோட்டத்துக் காஸிஸ் பழத்தில் போட்டு வைத்திருந்தது கன்னங்கரேலென்று ஒரு ஜாடி. கடைசியில் துணிதான் உதைத்தது. ஹெதரின் துணி முழுக்கச் சோப்பு. சொலாஞ் பெட்டியைத் திறந்தால் துணி அத்தனையும் லாவெண்டர் பையோடு மடித்து வைத்தது. அதில் கட்டினால் இனிப்பு சென்ட் பாட்டில் ஆகிவிடும்.

மூன்று பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிர்ஸ்டியின் பார்வை மெதுவாக அப்பா பக்கம் திரும்பியது.

"அப்பா."

"என்ன?"

"சட்டை புதுசா?"

"உன் கல்யாணத்துக்கு வாங்கினது. ரெண்டு தடவை துவைச்சு, இன்னிக்கு ஒத்திகைக்குன்னு இப்பதான் போட்டேன். ஏன் கேக்கிற?" கேட்டுக்கொண்டே ரெண்டு அடி பின்வாங்கினார். போல்டன்காரருக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளி வீடுகளில் தனியாகத் துணி ஏது? பழைய சட்டையின் கையைக் கத்தரித்து அதற்குள்தான் இதைத் திணித்து வேகவைப்பார்கள்.

"கழட்டுங்கப்பா!"

"ஏய், அது பருத்தியிலேயே ஒசத்தி..."

"ரொம்ப நல்லது. கழட்டுங்க."

சொலாஞ் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சட்டைக்குள்ளயா? ஆம்பளை போட்ட சட்டைக்குள்ளயா?"

"பயப்படாதீங்க, முதல்ல வெறுந்தண்ணியில கொதிக்கவச்சுப் பிழிஞ்சு, உள்ள மாவு தூவிட்டுத்தான் போடுவோம்" என்றாள் ஹெதர். அவள் முகத்தில் பழைய வியாழக்கிழமை வெளிச்சம் வந்துவிட்டது. ஏப்ரனைக் கட்டினாள். "தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும் மதாம். அழுத்திப் பிசையாதீங்க, கோவிச்சுக்கும். சுருட்டும்போது தளர்த்தியா சுருட்டுங்க, உள்ள அது உப்பணும். ம், அப்படித்தான். உங்களுக்குக் கைவாகு இருக்கு."

கசாப்புக் கத்தரி கறகறவென்று ரெண்டு கையையும் தோள்பட்டையோடு எடுத்தது. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு உருளை கச்சிதமாக நுழைந்தது. பட்டன் போட்ட மணிக்கட்டுப் பக்கம் கயிறு கட்டி, ரெண்டும் புதுப் பானைக்குள் இறங்கின. கீத் மிச்சமிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு அதன் மேல் கோட்டைப் போட்டுக் கழுத்து வரை பட்டன் மாட்டினார். வெளியே ஜூன் மாசத்து வெயில் கொளுத்தியது.

சொலாஞ் பானைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "இனி ஒரு பய இந்தப் பானைகிட்ட வரட்டும், பார்க்கிறேன்."

*

நல்லவேளையாக அது பிரெஞ்சுச் சாப்பாடு. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். முதலில் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு பெரிய ரோஸ்ட், அதற்குப் பிறகு சாலட், அதற்கும் பிறகு சீஸ் பலகை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விவாதம். இங்கிலீஷ் வீடாக இருந்தால் புட்டிங் வேகுமுன் விருந்தாளி வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான்.

ஃபெர்னான் மேஜையின் தலைக்கோடியில் உட்கார்ந்திருந்தார். ஒயின் உள்ளே போகப் போக வாய் வெளியே வந்தது.

"பிரிட்டிஷ்காரங்க மழைக்குப் பயந்து இங்க ஓடி வராங்கன்னு நினைச்சேன். இல்லப்பா, மதியச் சாப்பாட்டுக்குப் பயந்துதான்!"

மேஜை முழுக்கச் சிரிப்பு. வழக்கமாக முதலில் சிரிக்கிற கீத் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"என்ன முசியே கீத், கோட்டைக் கழட்டக்கூடாதா? வேர்த்துக் கொட்டுதே."

"இருக்கட்டும். கொஞ்சம் குளிருது."

சீஸ் பலகை போனதும் ஹெதரும் சொலாஞ்சும் உள்ளே போனார்கள். கயிற்றை அவிழ்த்து, சட்டைக்கையை மெதுவாக உருவினார்கள். ரெண்டு உருளையும் உப்பிப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தன. ஹெதர் குறுக்கே வெட்டினாள். வெள்ளைக்குள் கருஞ்சிவப்புச் சுழி, அதிலிருந்து ஆவி. சொலாஞ் மூக்கை நீட்டி முகர்ந்தாள். ஓரத்தில் உதிர்ந்த துணுக்கை வாயில் போட்டுக்கொண்டதை ஹெதர் பார்த்துவிட்டாள்.

தட்டுகள் மேஜைக்கு வந்தன. கிர்ஸ்டி கஸ்டர்ட் ஜாடியோடு பின்னால் வந்து கெட்டியாக, சூடாக ஊற்றினாள்.

ஃபெர்னான் தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "வெளுப்பா, ஈரமா, கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கே. இந்த மஞ்சள் என்ன? பெயிண்டா?"

"கஸ்டர்ட், மாமா."

"முட்டை எத்தனை?"

"முட்டை கிடையாது. தூள். டப்பாவுல வரும்."

"டப்பாவுல!" ஃபெர்னான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? டப்பாவுல!"

கிர்ஸ்டி ஜாடியைக் கீழே வைத்தாள். ஹெதர் மகளையே பார்த்தாள். இப்போது இவள் சிரிப்பாள். கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

"மாமா, உங்க ஓட்டல்ல சாக்லேட் கேக்குக்கு அடியில ஒரு மஞ்சள் கிரீம் ஊத்துவீங்களே. அதுக்கு மெனுவில என்ன பேரு போட்டிருக்கீங்க?"

"அது... இங்கிலீஷ் கிரீம்."

"அந்தப் பேரை நாங்களா வந்து வச்சோம்?"

"நாங்கதான் வச்சோம். அதுக்கென்ன?"

"காலமெல்லாம் எங்க பேரைச் சொல்லி வித்துக்கிட்டிருக்கீங்க. இன்னிக்கு அந்த வீட்டுக்காரங்களே ஊத்துறாங்க, பேசாம சாப்பிடுங்க. எங்கம்மா இருபது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைச்சுப் போட்டவங்க. ஒரு பிள்ளை மிச்சம் வச்சதில்லை."

இந்தத் தடவை அவள் யாரும் சிரிக்க இடம் விடவில்லை. பாஸ்தியன் மட்டும் மேஜையைத் தட்டினான். ஹெதர் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் ஆவி பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அதுவும் நின்றது.

ஹெதர் மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒரு தட்டும் நீளவில்லை. மீதி அரை உருளை நடு மேஜையில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. பந்தயம் எல்லாருக்கும் தெரியும். எவன் முதலில் தட்டை நீட்டுகிறானோ அவன் ஃபெர்னானின் மானத்தை வாங்கியவன் ஆவான். மற்ற அத்தனை பேரும் ஃபெர்னானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபெர்னான் நாற்காலியில் சாய்ந்தார். "முயற்சிக்கு நன்றி மதாம். மோசமில்லை. ஆனா..."

அவ்வளவுதான். போல்டன் தோற்றுவிட்டது.

"மாமா," என்றாள் கிர்ஸ்டி. "கையில என்ன?"

"எந்தக் கையில?"

"மேஜைக்கு அடியில இருக்கிற கையில."

"ரொட்டி."

"ரொட்டி ஏன் மஞ்சளா இருக்கு?"

எல்லாத் தலையும் திரும்பியது. சாஸ் நன்றாக இருந்தால் கடைசியில் தட்டை ரொட்டித்துண்டால் வழித்துத் தின்பது அந்த நாட்டுக் கையின் பழக்கம். மனசு வேண்டாம் என்றாலும் கை கேட்காது. ஃபெர்னானின் தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்த்த மாதிரி பளிச்சென்று இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷரின் மீசை நுனியில் ஒரு சொட்டுக் கஸ்டர்ட்.

"மாமா, அந்தத் தட்டைக் கழுவக்கூட வேண்டாம் போலிருக்கே!" என்று கத்தினான் பாஸ்தியன்.

"அண்ணே," என்றாள் சொலாஞ், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "அப்பா மேல ஆணையாச் சொல்லு. வேணுமா, வேண்டாமா?"

ஃபெர்னான் ரொட்டியைப் பார்த்தார். நடு மேஜையைப் பார்த்தார். அவருக்குள் ஓட்டல் முதலாளி ஒரு பக்கமும் பசித்த மனுஷன் ஒரு பக்கமும் இழுத்தார்கள். மனுஷன் ஜெயித்தான்.

தட்டை நீட்டினார்.

கொட்டகை கிடுகிடுத்தது. அடுத்த விநாடி இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு, பின்னாலிருந்து நாலு. "எனக்கு ஓரத்துத் துண்டு!" "எனக்கு ஜாம் ஜாஸ்தி இருக்கிறது!" "கஸ்டர்ட் மேல இருக்கே ஆடை, அது யாருக்கு?" ஹெதர் வெட்டி வெட்டிப் போட்டாள். கண்ணில் நீர் வழிய, வாயெல்லாம் பல்லாகப் போட்டாள். வியாழக்கிழமை வரிசை அப்படியே எழுந்து பர்கண்டிக்கு வந்துவிட்டது.

"இந்த மாவு எப்படி இவ்வளவு மெத்துன்னு இருக்கு?" என்றார் ஃபெர்னான், வாய் நிறைய. "வெண்ணெய்தானே?"

"வெண்ணெயாவது!" சொலாஞ் தலையை நிமிர்த்தினாள். "நம்ம வீட்டு மாட்டுக் கொழுப்பு. நாய்க்குன்னு வச்சிருந்தேனே, அது. பிசைஞ்சது நான்."

ஃபெர்னானின் கரண்டி பாதி வழியில் நின்றது. யோசித்தார். வாய்க்குள் போனது.

"அப்ப இத்தனை வருஷமா இந்த வீட்டுல நாய்தான் நல்லாச் சாப்பிட்டிருக்கு."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சொன்ன சொல் தவறமாட்டேன். மெனுவில எழுதறேன். பேரு என்ன போட?"

ஹெதர் பதில் சொல்லுமுன் கீத் எழுந்தார். ஒவ்வொரு பட்டனாக அவிழ்த்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, தோளிலிருந்து வெறும் கையாக, வெளுத்த ரெண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"சட்டைக்கை புட்டிங்னு போடுங்க. என் பொண்டாட்டி செய்யறது. உலகத்துல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

முதல் தடவையாக அந்த மனுஷர் தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஜோக் இல்லாமல் பேசினார். ஆனால் அந்தக் கோலத்தைப் பார்த்தபிறகு யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்? ஃபெர்னான் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து ரெண்டு பேர் பிடிக்கவேண்டி வந்தது.

"நூத்தம்பது பேருக்கு எத்தனை கை வேணும் மதாம்?" என்றார் மூச்சு வாங்க.

சொலாஞ்தான் பதில் சொன்னாள். "நம்ம குடும்பத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் வியாழக்கிழமைக்குள்ள ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை கொண்டுவந்து கொடுத்துடணும். ஹெதர், நீ என்கூடவே தங்கிடு. இனி ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் சமைக்கிறோம்."

நீ என்றாள். ஆறு மாசமாக "மதாம், நீங்க, உங்க" என்று எட்டவே நிறுத்தியிருந்த வாய் அது. கிர்ஸ்டி பின்னாலிருந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹெதர் அவள் கன்னத்தைத் தட்டினாள். கன்னத்தில் மாவு ஒட்டியது.

*

கீத்தைச் சுற்றி ஆண்பிள்ளைகள் கூடி நின்று ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டுக்குள் போன் அடித்தது. கூச்சலில் யாருக்கும் காதில் விழவில்லை. தட்டுகளை அள்ள வந்த ஹெதர்தான் எடுத்தாள்.

"மிஸ்டர் ஆக்டனா?"

போல்டன் பேச்சு. கேட்டதும் காதுக்கு இதமாக இருந்தது.

"அவர் வேலையா இருக்கார். நான் அவர் வீட்டுக்காரி."

"ஓ, மிஸஸ் ஆக்டன்! வீட்டுத் தரகர் பேசறேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டதால ஞாயித்துக்கிழமைன்னும் பார்க்காமக் கூப்பிடறேன். அந்த வீட்டை உங்களுக்கே தர ஒத்துக்கிட்டாங்க. அதேதான், உங்க பழைய ஸ்கூலுக்கு எதிர்த் தெருவில இருக்கிறது. கல்யாணம் முடிஞ்ச கையோட வந்துடலாம். நீங்க இங்க வரணும்னு எவ்வளவு ஏங்கறீங்கன்னு சொன்னார். உங்களுக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணணும்னாரே... ஐயையோ, உளறிட்டேனா?"

ஹெதர் கொட்டகை வாசலில் அப்படியே நின்றாள். அங்கே கீத், கையில்லாத சட்டையோடு, ஃபெர்னானின் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கிர்ஸ்டி அடிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நேற்றைக்கு இந்தப் போன் வந்திருந்தால் மாவு டின் மேலிருந்து துள்ளிக் குதித்திருப்பாள்.

"மிஸஸ் ஆக்டன், இருக்கீங்களா? நாளைக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

உள்ளேயிருந்து சொலாஞ்சின் குரல் கணீரென்று வந்தது. "ஹெதர்! எங்க போய்த் தொலைஞ்சே? இன்னொரு பானை கஸ்டர்ட் கேக்கிறாங்க, எனக்குக் கட்டி தட்டுது!"

"அடுப்புல வேலை கிடக்கு" என்றாள் ஹெதர் போனில். "அப்புறம் பேசறேன்."

போனை அவள் கோட்டுக்குள் திரும்ப வைக்கவில்லை. தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, "தீயைக் குறை, கிண்டறதை நிறுத்தாதே, இதோ வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தபடி சமையலறைக்கு ஓடினாள்.